சப்ரெஸரோடு ரேஞ்சுக்குப் போகும்போது எந்தத் தாளை, யாரிடம், எவ்வளவு காட்டுவது: முழுமையான வழிகாட்டி

டெக்சஸில் எங்கள் பக்கத்துத் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு வாரம் தவறாமல் போகிற ஆள் நான். புதிதாகச் சப்ரெஸர் (சத்தத்தைக் குறைக்கத் துப்பாக்கிக் குழலின் முனையில் மாட்டும் உருளை) வாங்கிய நம்மவர்கள் நாலைந்து பேரை முதல் தடவை கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். சுடுவதில் யாரும் பெரிதாகத் தடுமாறவில்லை. கவுன்டரில் "பேப்பர் இருக்கிறதா?" என்று கேட்டதும்தான் தடுமாறினார்கள். ஒருவர் மொத்த ஃபைலையும் தூக்கிக் கொடுத்துவிட்டார். இன்னொருவர், "அதைக் கேட்க உங்களுக்கு உரிமையே இல்லை" என்று வாதாடி, ஒரு தோட்டாகூடச் சுடாமல் வீடு திரும்பினார்.

யாரிடம் எதைக் காட்டுவது என்பதை வீட்டிலேயே தீர்மானித்துவிட்டால் இந்த இரண்டுமே நடக்காது. கீழே உள்ளவை நான் செய்கிற வரிசையில் இருக்கின்றன. எல்லாம் அமெரிக்காவுக்குப் பொருந்துபவை. மாநிலச் சட்டங்கள் வேறுபடும், உங்கள் மாநிலத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. உங்களிடம் இருப்பதற்குத் தாள் உண்டா என்று முதலில் பாருங்கள்

சாதாரணக் கைத்துப்பாக்கி, வேட்டை ரைஃபிள், ஷாட்கன் ஆகியவற்றுக்கு நாடு தழுவிய பதிவு எதுவும் கிடையாது. அப்படியொரு பதிவேட்டை மத்திய அரசு ஏற்படுத்துவதை 1986-ல் வந்த சட்டம் தடுக்கிறது. வண்டிக்கு ஆர்.சி. புக் போலத் துப்பாக்கிக்கும் ஒன்று இருக்கும் என்று நினைத்து வீடு முழுக்கத் தேடியவரை எனக்குத் தெரியும். கடையில் நீங்கள் நிரப்பிய ஃபார்ம் 4473 கடைக்காரரிடமே தங்கிவிடும். வாங்குபவருக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்கும் தாள் அது, உரிமைப் பத்திரம் அல்ல.

சில மாநிலங்களின் கதை வேறு. ஹவாயில் பதிவு கட்டாயம். நியூயார்க்கில் கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். இல்லினாயில் குடியிருப்பவருக்கு ஃபாய்டு என்கிற துப்பாக்கி உரிமையாளர் அடையாள அட்டை வேண்டும். டெக்சஸில் சாதாரணத் துப்பாக்கிக்கு இவை எதுவும் இல்லை.

தாள் இருப்பது 1934-ன் தேசியத் துப்பாக்கிச் சட்டத்துக்குள் வருபவற்றுக்குத்தான். எல்லோரும் என்.எஃப்.ஏ. என்பார்கள். சப்ரெஸர், 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல் உள்ள ரைஃபிள், 18 அங்குலத்துக்குக் குறைந்த குழல் உள்ள ஷாட்கன், மெஷின் கன் ஆகியவை இதில் அடங்கும். கடையில் வாங்கினால் ஃபார்ம் 4, நீங்களே செய்ய அனுமதி வாங்கினால் ஃபார்ம் 1, வாரிசாக வந்தால் ஃபார்ம் 5. துப்பாக்கிகளைக் கவனிக்கும் மத்திய அரசுத் துறையான ஏ.டி.எஃப். ஒப்புதல் அளித்த அந்தப் படிவம்தான் உங்கள் பதிவுச் சான்று. வரி கட்டியதற்கு அடையாளமாக அதில் ஸ்டாம்ப் இருக்கும் என்பதால், ரேஞ்சில் 'ஸ்டாம்ப்' என்று கேட்டாலும் இதைத்தான் கேட்கிறார்கள்.

இப்போது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. "அண்ணே, டேக்ஸே ஜீரோ ஆயிடுச்சே, அப்புறம் எதுக்குத் தாள்?" என்று ஒரு தம்பி கேட்டான். 2026 ஜனவரி 1 முதல் சப்ரெஸருக்கும் குட்டைக் குழல் துப்பாக்கிகளுக்கும் 200 டாலர் வரி பூஜ்யமானது உண்மைதான். பதிவு அப்படியே இருக்கிறது. பதிவில்லாத சப்ரெஸரைக் கையில் வைத்திருந்தால் பத்தாண்டு வரை சிறை என்பதும் மாறவில்லை.

நேர் எதிரான குழப்பமும் வரும். பிரேஸ் (முன்கையில் தாங்கிச் சுட உதவும் பின்பகுதி) மாட்டிய பிஸ்டலைப் பார்த்துவிட்டுக் கவுன்டரில் ஸ்டாம்ப் கேட்பார்கள். அவற்றைக் குட்டை ரைஃபிளாகக் கருதிய ஏ.டி.எஃப். விதியை 2024 ஜூனில் டெக்சஸ் ஃபெடரல் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அவர்கள் கேட்பது பெரும்பாலும் அந்த விதியின் ஞாபகத்தில்தான். பொறுமையாகச் சொல்லுங்கள். அப்படியும் ஒப்புக்கொள்ளாவிட்டால் அன்றைக்கு வேறு துப்பாக்கியை எடுங்கள்.

2. கேட்பவர் யார் என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்

பதிவுச் சான்றை வைத்திருக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும் என்று மத்தியச் சட்டம் சொல்கிறது. யார் கேட்டால் என்பதுதான் விஷயம். விதியில் எழுதியிருப்பது ஏ.டி.எஃப். அதிகாரி. ரேஞ்ச் ஊழியரின் பெயர் அங்கே இல்லை.

ஆனால் ரேஞ்ச் தனியார் இடம். "இங்கே சப்ரெஸர் போட்டுச் சுட வேண்டுமானால் தாள் காட்டு" என்று அவர்கள் விதி வைக்கலாம். நம் ஊர்க் கோயிலில் சட்டையைக் கழற்றச் சொல்வது மாதிரி: கட்டாயமில்லை, உள்ளே போக வேண்டுமானால் உண்டு. நீங்கள் மறுக்கலாம், அவர்கள் உங்களை வெளியே அனுப்பலாம். சட்டம் இரு பக்கமும் அங்கேயே நின்றுவிடுகிறது.

அவர்கள் ஏன் கேட்கிறார்கள் என்று தெரிந்தால் எரிச்சல் பாதி குறையும். இணையத்தில் துப்பாக்கியைச் சுத்தம் செய்யும் சாமான் என்ற பெயரில் உருளைகள் விற்கிறார்கள். அதைச் சப்ரெஸராக்கிக் கொண்டு வருகிறவர்கள் உண்டு. ரேஞ்சோடு சேர்ந்த கடைக்கு மத்திய அரசின் துப்பாக்கி விற்பனை லைசென்ஸ் இருக்கும். அது போய்விடுமோ, இன்ஷூரன்ஸ் கைவிட்டுவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு.

கவுன்டரில் அதிகம் கேட்கும் வாதம் இது: "இது வரித் தாள், வரிச் சட்டம் 6103-ஆம் பிரிவின்படி ரகசியம், கேட்பதே தப்பு." பாதிதான் சரி. அந்தப் பிரிவு கட்டிப்போடுவது அரசாங்கத்தை. ஏ.டி.எஃப். உங்கள் பதிவுத் தகவலை வெளியாளிடம் சொல்லக் கூடாது. உங்கள் தாளை நீங்களே காட்டுவதையோ, ஒரு தனியார் நிறுவனம் உங்களிடம் கேட்பதையோ அது தடுக்கவில்லை. அந்தப் பிரிவால் ஒன்று மட்டும் உறுதி. ரேஞ்ச்காரர் ஏ.டி.எஃப்-க்கு ஃபோன் போட்டு "இவர் பெயரில் பதிவு இருக்கிறதா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. அதனால்தான் தாளையே பார்க்க விரும்புகிறார்.

3. தாளில் என்னென்ன இருக்கிறது என்று உட்கார்ந்து படியுங்கள்

ஒப்புதல் மின்னஞ்சலில் வந்ததும் சந்தோஷத்தில் மேலாகப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுகிறார்கள். ஒருமுறை முழுதாகப் படியுங்கள். ஃபார்ம் 4-ன் முதல் பக்கத்தில் உங்கள் பெயர், அதன் கீழேயே வீட்டு முகவரி, விற்ற கடையின் விவரம், பொருளின் தயாரிப்பாளர், மாடல், காலிபர், சீரியல் எண், அப்புறம் ஏ.டி.எஃப். ஒப்புதலும் தேதியும் இருக்கும். தனிநபராக விண்ணப்பித்திருந்தால் உள்ளே உங்கள் புகைப்படமும் இருக்கும்.

இப்போது திருடனின் கண்ணால் பாருங்கள். விலையுயர்ந்த பொருள் என்ன, அது எந்த வீட்டில் இருக்கிறது, சொந்தக்காரன் பார்க்க எப்படி இருப்பான் என்பதெல்லாம் ஒரே தாளில் இருக்கிறது. அரசாங்கத்திடம் நாம் ஏற்கெனவே கொடுத்ததுதான் இது, எனவே நாம் காக்க வேண்டியது அரசாங்கத்திடமிருந்து அல்ல. கவுன்டரில் நமக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் முன்பின் தெரியாத ஆளிடமிருந்தும், காப்பி மெஷின் தட்டில் தங்கிப்போகும் பிரதியிடமிருந்தும்தான்.

ரேஞ்ச்காரருக்குத் தேவை மூன்றே விஷயங்கள். பெயர் உங்கள் அடையாள அட்டையோடு ஒத்துப்போகிறதா, சீரியல் எண் பொருளோடு ஒத்துப்போகிறதா, ஒப்புதல் இருக்கிறதா. முகவரி இந்த மூன்றில் எதற்கும் உதவாது.

4. அசல், பிரதி, ஃபோன்

ஒப்புதல் பி.டி.எஃப். ஆக வந்தால் உடனே நல்ல தாளில் ஒன்று அச்சிட்டுப் பெட்டகத்தில் வையுங்கள். பழைய முறையில் தாளாகவே வந்திருந்தால், ஒட்டிய ஸ்டாம்போடு இருக்கும் அந்த அசல் வீட்டை விட்டு வெளியே போகவே கூடாது. பையில் எடுத்துப் போவது பிரதி மட்டும். பிரதி தொலைந்தால் பதறலாம். அசல் தொலைந்தால் அலைய வேண்டும்.

பிரதியை முழுதாக, எல்லாப் பக்கங்களோடும் எடுங்கள். முதல் பக்கம் மட்டும் போதும் என்று சிலர் சொல்வார்கள். ரேஞ்சுக்குப் போதும், வழியில் அதிகாரி யாராவது கேட்டால் போதாது. முகவரியைக் கருப்பு மையால் அழிக்கவும் வேண்டாம். அதே தாளைப் பிறகு அதிகாரியிடம் காட்ட நேர்ந்தால், அழித்த தாள் தேவையில்லாத சந்தேகத்தைக் கிளப்பும். மறைப்பதற்கு வேறு வழி இருக்கிறது.

5. ஜன்னல் அட்டை செய்யுங்கள்

இது என் சொந்தக் கைவேலை. வீட்டில் சேர்ந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளில் கெட்டியான ஒன்றை எடுத்தேன். பிரதியின் முதல் பக்கத்தைச் சற்றுச் சுருக்கி அச்சிட்டு, பத்திரிகை அட்டையை அதன் அளவுக்கு வெட்டினேன். மேலே வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் எந்த வரி எங்கே விழுகிறது என்று தெரியும். பெயர் வரும் இடத்தில் ஒரு நீள்சதுரம், தயாரிப்பாளர், மாடல், சீரியல் எண் வரும் இடத்தில் ஒன்று, ஒப்புதல் வரும் இடத்தில் ஒன்று என பிளேடால் மூன்று ஜன்னல் வெட்டினேன். பெயரும் முகவரியும் ஒட்டி ஒட்டி இருப்பதால் அந்த முதல் ஜன்னலை மட்டும் ஸ்கேல் வைத்து வெட்ட வேண்டும். முதல் தடவை நான் அகலமாக வெட்டித் தெருப்பெயர் எட்டிப் பார்த்தது.

அட்டையையும் பிரதியையும் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் செருகி, வாயை டேப்பால் ஒட்டிவிடுங்கள். பின்பக்கத்தில் இரண்டாவது பக்கம் தெரியாமல் இருக்க அங்கேயும் ஒரு வெற்று அட்டை. கவுன்டரில் உறையோடு நீட்டினால் தேவையானது தெரியும், மற்றது தெரியாது. அதிகாரி கேட்டால் டேப்பைப் பிரித்து அட்டையை உருவிவிட்டால் முழுத் தாளும் தயார். ஒரே பிரதி இரண்டு வேலையும் செய்கிறது.

யாரும் ஏன் மறைத்திருக்கிறாய் என்று கேட்டதில்லையா? கேட்டிருக்கிறார்கள். "வீட்டு முகவரி" என்று சொன்னதும் தலையாட்டிவிட்டார்கள். ஒரு வயதான ரேஞ்ச் ஆபீசர் தானும் இப்படிச் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னார். அட்டையின் மறுபுறம் இருந்த பிள்ளையாரைப் பற்றியும் விசாரித்தார்.

6. டிரஸ்ட் பெயரில் வாங்கியிருந்தால்

இங்கேதான் நான் நன்றாக அடிபட்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இங்கே டிரஸ்ட் என்பது தர்ம ஸ்தாபனம் அல்ல, பொருளைப் பலர் சேர்ந்து வைத்திருக்கப் பத்திரம் எழுதிச் செய்யும் ஏற்பாடு. டிரஸ்ட் பெயரில் பதிவு செய்தால் மனைவி, அண்ணன், நண்பர் என்று டிரஸ்டியாக இருக்கும் யாரும் பொருளைத் தனியாக எடுத்துப் போகலாம். தனிநபர் பெயரில் இருந்தால் நீங்கள் கூடவே இருக்க வேண்டும். அதனால் பலரும் டிரஸ்ட் போடுகிறார்கள். சிக்கல் என்னவென்றால், ஃபார்மில் டிரஸ்டின் பெயர் இருக்கும், டிரைவிங் லைசென்ஸில் உங்கள் பெயர் இருக்கும். இரண்டையும் இணைப்பது டிரஸ்ட் பத்திரம். அதைக் கேட்பார்கள்.

வேறொரு ஊரில் ஒரு ரேஞ்சில் நான் பத்திரத்தை ரிங் பைண்டரோடு கொடுத்தேன். ஊழியர் உள்ளே எடுத்துக்கொண்டு போனார். பத்து நிமிஷம் கழித்துப் பைண்டர் திரும்பி வந்தது. சுட்டு முடித்துவிட்டுக் காசு கட்ட வந்தபோது கவுன்டரின் ஓரத்தில் என் மகளின் பெயர் தெரிந்தது. பத்திரத்தின் பயனாளிகள் பக்கத்தைக் காப்பி எடுத்து அங்கே வைத்திருந்தார்கள். குழந்தைகளின் முழுப் பெயர், யாருக்கு எந்தத் துப்பாக்கி போய்ச் சேர வேண்டும் என்ற பட்டியல் எல்லாம் அதில் இருந்தன. கேட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டேன். எடுத்தது அந்த ஒரு பிரதிதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

முழுப் பத்திரத்தையும் ரேஞ்சுக்கு எடுத்துப் போகாதீர்கள். பல மாநிலங்களின் டிரஸ்ட் சட்டத்தில் சான்றிதழ் என்று ஒரு சுருக்க வடிவம் இருக்கிறது. டிரஸ்டின் பெயர், உருவாக்கிய தேதி, டிரஸ்டிகள் யார், அவர்களுக்கு என்ன அதிகாரம் என்பது மட்டும் அதில் இருக்கும், பயனாளிகள் இருக்க மாட்டார்கள். பத்திரம் எழுதிக் கொடுத்த வக்கீலிடமே கேட்டால் ஒன்றிரண்டு பக்கத்தில் போட்டுத் தருவார். ஃபார்ம் 4 பிரதிக்குப் பின்னால் அதை வையுங்கள்.

புதிதாக டிரஸ்ட் போடப் போகிறவர்களுக்கு: குடும்பப் பெயரை டிரஸ்டுக்கு வைக்காதீர்கள். ஃபார்ம் 1-ல் நீங்களே குட்டை ரைஃபிள் செய்தால், செய்தவர் என்ற முறையில் டிரஸ்டின் பெயரும் ஊரும் மாநிலமும் உலோகத்தில் பொறிக்கப்பட வேண்டும். ஜன்னல் அட்டை அதை மறைக்காது. பெஞ்சில் வைத்ததும் பக்கத்து லேனில், அதாவது அடுத்த சுடும் தடத்தில், நிற்பவர் படித்துவிடுவார். ஊர்ப் பெயரோ, ஆற்றின் பெயரோ, உங்களுக்குப் பிடித்த மரத்தின் பெயரோ போதும்.

7. நம்மவர்களின் பெயர்ச் சிக்கல்

முத்துக்குமார் சுப்பிரமணியனா, சுப்பிரமணியன் முத்துக்குமாரா? அப்பா பெயர் முன்னால் வந்து, பாஸ்போர்ட்டில் பின்னால் போய், டிரைவிங் லைசென்ஸில் நடுவில் தொங்கும் கதை எல்லோருக்கும் தெரியும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருந்தவர்களுக்கு லைசென்ஸில் 'எஃப்.என்.யு.' என்று முதல் பெயர் விழுந்திருக்கும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அதைப் பார்த்து "மிஸ்டர் ஃப்னு" என்று கூப்பிட்ட ஊழியரையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஃபார்மில் ஒரு வரிசை, லைசென்ஸில் வேறு வரிசை என்றால் கவுன்டரில் நின்றுபோகும். அவர் பார்ப்பதே பெயர் பொருந்துகிறதா என்றுதான். எனவே விண்ணப்பிக்கும்போதே லைசென்ஸில் உள்ள எழுத்துகளை அதே வரிசையில் போடுங்கள். விண்ணப்பித்த பிறகு குடியுரிமை வாங்கிப் பெயரைச் சீராக்கியிருந்தால், அந்தப் பெயர் மாற்ற உத்தரவின் பிரதி ஒன்று பையில் இருக்கட்டும். கேட்டால் மட்டும் எடுங்கள். தானாக எடுத்து நீட்டினால் உங்கள் குடியேற்ற வரலாறு முழுவதும் பேச்சில் வந்துவிடும்.

8. முந்தின நாள் ஃபோன் செய்து மூன்று கேள்வி

சப்ரெஸருக்குத் தாள் கேட்பீர்களா? பார்ப்பீர்களா, காப்பி எடுத்து வைப்பீர்களா? லைசென்ஸை ஸ்கேன் செய்வீர்களா?

சனிக்கிழமை பத்து மணிக்கு இருபது பேர் வரிசையில் நிற்கும்போது கவுன்டர் பையனால் விதியைத் தளர்த்த முடியாது. வியாழக்கிழமை மத்தியானம் மேனேஜர் நிதானமாகப் பதில் சொல்வார். காப்பி எடுத்து வைப்பது கட்டாயம் என்றால், அது எங்கே இருக்கும், எத்தனை நாள் இருக்கும் என்று கேளுங்கள். தெளிவான பதில் வரவில்லையா? நான் வேறு ரேஞ்சுக்குப் போய்விடுவேன்.

9. பையை அடுக்கும் முறை

தாள் உறை, துப்பாக்கி இருக்கும் பெட்டிக்குள் இருக்கக் கூடாது. தனிப் பாக்கெட்டில், வெளிப்புறத்தில் இருக்கட்டும். பெரும்பாலான ரேஞ்சுகளில் கவுன்டரில் பெட்டியைத் திறப்பதே தடை. தாளை எடுக்கிறேன் பேர்வழி என்று ஜிப்பைத் திறந்து, எல்லோரும் ஒரு அடி பின்வாங்கிய காட்சியைப் பார்த்துவிட்டேன். சீரியல் எண்ணைப் பொருளோடு ஒப்பிட வேண்டுமென்றால் லேனில், ரேஞ்ச் ஆபீசர் சொல்லும்போது திறங்கள்.

ஃபோனில் பி.டி.எஃப். வைத்திருப்பது மாற்று ஏற்பாடுதான், முதல் வழியல்ல. நான் ஒருமுறை ஃபோனைத் திறந்து ஊழியரிடமே கொடுத்தேன். அவர் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பாவின் காலை வணக்கம் வந்து விழுந்தது. அவர் விரல் பட்டு அது திறந்தும்விட்டது. ஃபோனைத்தான் காட்ட வேண்டுமென்றால், ஐஃபோனில் கைடட் ஆக்சஸ், ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங் போட்டு அந்த ஒரு திரையில் பூட்டிவிடுங்கள். கையில் கொடுக்காமல் நீங்களே பிடித்துக் காட்டுவது இன்னும் நல்லது.

10. கவுன்டரில்: கேட்கும்வரை காத்திருங்கள்

தானாக முன்வந்து காட்டாதீர்கள். பல ரேஞ்சுகளில் கேட்பதே இல்லை. கேட்டால் உறையை நீட்டி, "பார்த்துவிட்டுக் கொடுங்கள்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். உறை உங்கள் கண்ணை விட்டு உள்ளே போகக் கூடாது. உள்ளே எடுத்துப் போகத் திரும்பினால், "நானும் வருகிறேன்" என்பதே போதும்.

வாடிக்கையாளரின் சொந்தத் துப்பாக்கி எண்ணைக் குறித்து வைக்க வேண்டும் என்று ரேஞ்சுக்கு மத்தியச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. குறிக்கப் பார்த்தால் எதற்கு என்று கேட்கலாம். ஒரு விதிவிலக்கு: அங்கேயே இருக்கும் பழுது பார்ப்பவரிடம் துப்பாக்கியை ஓர் இரவு விட்டுவிட்டு வந்தால் அது அவரது பதிவேட்டில் ஏறியே ஆக வேண்டும். அன்றே திரும்பி வாங்கிவிட்டால் ஏறாது. சின்ன வேலை என்றால் காத்திருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது பலரும் கவனிக்காத இடம். ஃபார்ம் 4-க்காக வாதாடுகிறவர், அடுத்த நிமிஷமே டிரைவிங் லைசென்ஸைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார். அதன் பின்பக்கத்துப் பார்கோடில் பெயர், முகவரி, பிறந்த தேதி, உயரம் எல்லாம் இருக்கின்றன. ஒரு 'பீப்' சத்தத்தில் அத்தனையும் கணினிக்குள் போய்விடும். கூடவே டேப்லெட்டில் கையெழுத்துப் போடும் பொறுப்புத் துறப்புப் படிவத்தில் மின்னஞ்சல், ஃபோன் எண், விளம்பரம் அனுப்பச் சம்மதமா என்று ஏற்கெனவே டிக் அடித்த கட்டம். நீங்கள் அட்டை வெட்டி மறைத்த முகவரி இந்த வழியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"ஸ்கேன் வேண்டாம், பார்த்துக்கொள்ளுங்கள், நானே டைப் செய்கிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில் பாதி இடங்களில் ஒப்புக்கொள்கிறார்கள். விளம்பரக் கட்டத்தின் டிக்கை எடுத்துவிடுங்கள். மின்னஞ்சலுக்கு இதற்கென்றே தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் உள்ள சட்டக் கேள்விகளுக்கு மட்டும் பொய் எழுதாதீர்கள்.

11. விசாவில் இருக்கும் விருந்தாளியோடு போவதானால்

அந்தச் சட்டக் கேள்விகளில் ஒன்று நம்மவர்களை நேராகத் தொடும். எச்-1பி, பி-2 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருக்கவே மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து ஐந்து நிமிஷம் சுடுவதும் அதில் அடங்கும். சில விதிவிலக்குகள் உண்டு. அமெரிக்க மாநிலம் ஒன்று முறைப்படி வழங்கிய வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது அவற்றில் ஒன்று. கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு இந்தத் தடை இல்லை.

ஊரிலிருந்து வந்த மச்சானை ஆசையாகக் கூட்டிப் போய், அவர் கையில் கொடுத்துப் படம் எடுத்துப் போடுகிறார்கள். அந்தப் படமே சாட்சி ஆகிவிடும். விதிவிலக்கு இல்லாதவர் வேடிக்கை மட்டும் பார்க்கட்டும். சுடாதவர் பாஸ்போர்ட்டை நீட்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. சுடப் போகிறவர் வேட்டை லைசென்ஸைக் கையோடு கொண்டுவர வேண்டும்.

12. மாநில எல்லை தாண்டினால்

குட்டை ரைஃபிள், குட்டை ஷாட்கன், மெஷின் கன் ஆகியவற்றை வேறு மாநிலத்துக்கு எடுத்துப் போக முன்கூட்டியே ஏ.டி.எஃப். ஃபார்ம் 5320.20-ல் ஒப்புதல் வேண்டும். போய்விட்டு வந்து போடும் தாள் அல்ல. சப்ரெஸருக்கு இந்த ஃபார்ம் தேவையில்லை. ஆனால் கலிஃபோர்னியா, டெலவேர், ஹவாய், இல்லினாய், மாசசூசெட்ஸ், நியூ ஜெர்சி, நியூயார்க், ரோட் ஐலண்ட் ஆகிய எட்டு மாநிலங்களில் பொதுமக்கள் சப்ரெஸர் வைத்திருக்கவே முடியாது. எவ்வளவு நேர்த்தியான தாளும் அங்கே காப்பாற்றாது.

ஒப்புதல் வந்த 5320.20-ஐயும் அதே உறைக்குள், ஃபார்ம் பிரதிக்குப் பின்னால் வையுங்கள். அதில் எங்கிருந்து எங்கே போகிறீர்கள் என்ற முகவரிகள் இருக்கும். அதை ரேஞ்சில் காட்ட வேண்டியதில்லை.

13. போலீஸோ ஏ.டி.எஃப். அதிகாரியோ கேட்டால்

மறைக்காதீர்கள். ஏ.டி.எஃப். அதிகாரி என்றால் அடையாள அட்டையைப் பார்த்துக்கொண்டு முழுத் தாளையும் காட்டுங்கள், அது சட்டப்படியான கடமை.

உள்ளூர்ப் போலீஸைப் பற்றி மத்திய விதி எதுவும் சொல்லவில்லை என்பது உண்மைதான். ஆனால் சில மாநிலங்களில் இப்படிப்பட்ட ஆயுதங்கள் தடை செய்யப்பட்டவை, மத்தியப் பதிவு இருந்தால் மட்டுமே விலக்கு. அங்கே உங்களைக் குற்றவாளியிலிருந்து பிரித்துக் காட்டுவது அந்தத் தாள் ஒன்றுதான். சாலையோரத்தில் சட்டம் பேசி வென்றவர் யாரையும் நான் பார்த்ததில்லை. தாளைக் காட்டுங்கள். வண்டியைச் சோதனை போடவா என்று கேட்டால் அது வேறு கேள்வி, மரியாதையாகச் சம்மதமில்லை என்று சொல்லலாம். எந்தப் பாக்கெட்டில் தாள் இருக்கிறது என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் கையை நகர்த்த வேண்டும்.

14. வீடு திரும்பியதும்

உறை பையில் இருக்கிறதா என்று பாருங்கள். லேன் பெஞ்சிலேயே விட்டுவிட்டு வருவது சாதாரணமாக நடக்கிறது. தாளைப் பெஞ்சில் வைக்கவே வேண்டாம் என்பேன், சூடான தோட்டாக் கூடு விழுந்து பிளாஸ்டிக் உருகிப்போகும்.

படங்களை அனுப்புவதற்கு முன் பெரிதாக்கிப் பாருங்கள். சீரியல் எண், பொறித்த டிரஸ்ட் பெயர், பின்னால் தெரியும் கார் நம்பர், இவையெல்லாம் இலக்குத் தாளின் ஓட்டைகளைப் பார்க்கும்போது நம் கண்ணில் படாது.

டிரஸ்டில் ஆள் மாறினால் சான்றிதழைப் புதிதாக வாங்கி உறைக்குள் வையுங்கள். பழைய பிரதியை நாலாகக் கிழித்துப் போட்டால் போதாது, குறுக்கு வெட்டு ஷ்ரெடரில் கொடுங்கள். இங்கே குப்பைத் தொட்டி ஒரு ராத்திரி முழுக்கத் தெருவோரத்தில், நம் வீட்டு எண்ணுக்கு எதிரிலேயே நிற்கிறது.